பெட்டி ஆபீசர் மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். திங்கட்கிழமை போனில் உன் குரலில் ஒரு குறையும் தெரியவில்லை. "ஒரு வார்த்தை தானேம்மா, அதுக்குப் போயி இப்படிக் கத்துற" என்று நீ சொன்னபோது உனக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும் காபி இயந்திரம் உறுமுவதும் கேட்டன. சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அம்மா கத்துகிறாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தைத் தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரியாது. முகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தாக வேண்டும். பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

இதன் நகல் ஒன்றை நம் முன்னாள் படைவீரர் குடும்பச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்சடிக்கும் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். வீட்டு விஷயத்தைத் தெருவில் போடுகிறாள் என்று நீ கோபப்படுவாய். படு. தெருவில் முதலில் போட்டவன் நீ. அதுவும் அச்சடித்து, மஞ்சள் தடவிப் போட்டாய். நம்மைப் போன்ற வீடுகளில் படித்துப் பெரிய வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் இதே காரியத்தைச் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களும் படிக்கட்டும். பெயர் எதுவும் போட வேண்டாம் என்று பத்திரிகைக்காரரிடம் சொல்வேன். அது உன் மானத்துக்காக இல்லை. உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கும் அந்தப் பெண்ணின் மானத்துக்காக.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கொல்லத்திலிருந்து தாமஸ் அண்ணன் போன் செய்தார். உன் அப்பாவோடு ஒரே கப்பலில் ஆறு வருஷம் இருந்தவர், உன் அப்பா செத்த அன்று ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தவர். அவரை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, பத்திரிகை படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். "சிஸ்டர், சுகமா? கார்டு கெடச்சது. ஒரு சின்ன சந்தேகம்" என்றார். என்னவென்று கேட்டேன். "இது நம்ம ஆளோட மகன் கல்யாணம்தானே? பேரு அதேதான். ஆனா இதுல நேவல் ஆபீசர்னு அடிச்சிருக்கு. அதே பேருல வேற யாரோ ஒரு ஆபீசர், அவரு வீட்டு கார்டு அட்ரஸ் மாறி எனக்கு வந்துடுச்சோன்னு நெனச்சுப் போயி" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார். உன் அப்பா தன் பேருக்குக் கீழே அப்படி ஒன்றைப் போட்டுக்கொள்ள மாட்டார் என்பதில் அந்த மனுஷனுக்கு அவ்வளவு உறுதி. அதனால் கார்டுதான் தவறி வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார். "உங்களுக்கு வந்த கார்டுதான் அண்ணா, அச்சுல தப்பு" என்று அவரிடம் பொய் சொன்னேன். இந்த வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்தாய்.

தமிழில் அடித்த கல்யாணப் பத்திரிகையை நீ என்னிடம் காட்டினாய். அதில் 'கடற்படையில் பணியாற்றிய அமரர்' என்று இருந்தது. சரி என்றேன். ஆபீஸ் ஆட்களுக்கும் வெளியூருக்கும் என்று இங்கிலீஷில் தனியாக ஒன்று அடித்ததை மட்டும் காட்டவில்லை. போனை வைத்ததும், போன தடவை வந்தபோது நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பெட்டி ஆபீசர் என்று இருக்க வேண்டிய இடத்தில் நேவல் ஆபீசர் என்று தங்க எழுத்தில் பளபளத்தது. உடனே உனக்குப் போன் போட்டேன். "பெட்டி எங்கடா?" என்று கேட்டேன். "எந்தப் பெட்டிம்மா?" என்றாய். "உங்கப்பன் பேருக்குக் கீழ இருக்க வேண்டிய பெட்டி" என்றேன். அப்புறம் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாய். "அந்த வார்த்தைக்கு மீனிங்கே அற்பம்னு தாம்மா. பெட்டி கேஷ், பெட்டி கேஸு, பெட்டி ஷாப். அத அப்படியே போட்டா ஆபீஸ்ல சிரிப்பாங்க. ஒவ்வொருத்தனுக்கா விளக்கம் சொல்லிகினு இருக்க முடியுமா?" என்றாய்.

அகராதி என்னிடமும் இருக்கிறது. நீ தூளியில் கிடந்த காலத்திலிருந்து இருக்கிறது. அற்பம் என்று போட்டிருக்கிறது, சிறியது என்றும் போட்டிருக்கிறது. ஆமாம், சிறியதுதான். பெரிய அதிகாரிக்குக் கீழே நிற்கிற சின்ன அதிகாரி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உனக்கு அந்தச் சொல் அகராதியில் கிடைத்தது. எனக்கு எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன், கேள்.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணமான புதிதில் உன் அப்பா கப்பலிலிருந்து எழுதும் கடிதத்தைத் தபால்காரர்தான் எனக்குப் படித்துக் காட்டுவார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நம் குப்பத்து மணலில் நின்றுகொண்டு, வலை உலர்த்தும் ஆம்பளைகள் எல்லாம் காது கொடுக்க, "அன்பு மனைவிக்கு" என்று அவர் உரக்க ஆரம்பிப்பார். முத்தம் என்று ஒரு தடவை எழுதித் தொலைத்துவிட்டார் உன் அப்பா. அதையும் படித்துவிட்டுத் தபால்காரர், "இத பொட்டில வெச்சுக்கோம்மா, தொலச்சுடாத" என்றார். அன்றைக்குத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தேன். மளிகை சுற்றி வந்த காகிதம், சுவரொட்டி, பஸ் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் விசாகப்பட்டினத்தில் மாலுமிகளுக்குக் கொடுக்கும் குடியிருப்பில் நமக்கு ஒரு வீடு கிடைத்தது. நீ பிறந்தது அங்கேதான். உன் அப்பா எஞ்சின் அறை ஆள். எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பெட்டி ஆபீசர் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றார். கை செய்வதை வாயால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அது அவருக்கு வரவில்லை. இரண்டாம் தடவை தோற்றுவிட்டு வந்து, "எனக்கு இதுவே போதும்" என்று சட்டையைக் கழற்றி எறிந்தார். எனக்குப் போதவில்லை. அந்தப் புத்தகத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் எதிர் வீட்டுத் தெலுங்குப் பெண்ணிடம் ஜாடையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ தூளியில் தூங்கும் மத்தியானங்களில், அவர் வேலை முடித்து வரும் நாள்களில், நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். அர்த்தம் பாதி புரியாது. ஆனால் புத்தகத்தில் இருக்கும் எழுத்தும் அவர் வாயிலிருந்து வரும் சத்தமும் ஒன்றா என்று பார்க்க அர்த்தம் தேவையில்லையே. தப்பாகச் சொன்னால் கரண்டியால் தரையில் தட்டுவேன். "நீ எங்க சீஃபவிட மோசம்டி" என்பார். எட்டு மாதம் தட்டினேன். மூன்றாம் தடவை தேறினார். நீ அழித்த சொல் அது. அதில் பாதி என்னுடையது. என்னைக் கேட்காமல் எப்படியடா அழித்தாய்?

பதவி உயர்வு உத்தரவு வந்தபோது நான் உன் அத்தை கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். உன் அப்பாவின் கடிதம் வந்தது. பின்பக்கம் அனுப்புநர் என்ற இடத்தில் தன் பேரை எழுதி, பக்கத்தில் முதல் தடவையாக பி.ஓ. என்று இரண்டு எழுத்தைப் போட்டிருந்தார். தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, உன் வூட்டுக்காரரு கப்பல வுட்டுட்டு போஸ்ட் ஆபீஸ்ல சேந்துட்டாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" என்றார். அவருக்குத் தெரிந்த பி.ஓ. அது ஒன்றுதான். சுற்றி நின்றவர்கள் விடுவார்களா? "அண்ணாத்த இனிமே நமக்கு மணியார்டர் எடுத்தாருவாரு" என்று ஒருவன், "காக்கிச் சட்டை போட்டு சைக்கிள்ல வருவாரு பாரு" என்று இன்னொருவன். நான் நிமிர்ந்து நின்று, "பெட்டி ஆபீசர்" என்று சொன்னேன். என் வாயால் அதை ஊர் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அப்ப பெட்டிக்கடை ஆபீசரு!" என்று ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அது சிரிப்புதான். அது எப்போது எனக்கு வெட்கமாக மாறியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

அவர் எந்தக் கப்பலில் இருந்தார் என்று உன் ஆபீஸ் நண்பர்கள் கேட்டால் சொல்லத் தெரியுமா உனக்கு? பீரங்கிக் கப்பல் என்று சொல்லியிருப்பாய். அது படை இறக்கும் கப்பல். வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கான வீரர்களையும் டாங்கியையும் ஏற்றிக்கொண்டு போய், துறைமுகமே இல்லாத கடற்கரையில் மூக்கை மணலில் முட்டி நின்று, முன்கதவைத் திறந்து இறக்கிவிடும். இதை உன் அப்பா விடுமுறையில் வந்து சொன்னபோது குப்பத்தில் ஒருவரும் நம்பவில்லை. "கப்பல யாராச்சும் வேணும்னே மணல்ல ஏத்துவானா? குடிச்சுட்டு ஓட்டுறானுங்களா உங்க ஆளுங்க?" என்று கேட்டார்கள். "நீ கட்டுமரத்த தெனமும் ஏத்துறியே, குடிச்சுட்டா ஏத்துற?" என்று உன் அப்பா திருப்பிக் கேட்டார். ஏற்றுவது கஷ்டம் இல்லை, திரும்ப இறக்குவதுதான் கஷ்டம் என்று எங்கள் ஆட்களுக்கே தெரியும். எஞ்சின் சூடு தணிய வெளியிலிருந்து கடல் தண்ணீரை உள்ளே இழுக்க வேண்டும். கரையில் முட்டி நிற்கும்போது தண்ணீரோடு மணலும் சேர்ந்து வந்து வடிகட்டியை அடைக்கும். ஒரு பயிற்சியில் அப்படி அடைத்து எஞ்சின் கொதித்துப் போனது. மேலே இருந்து பின்னால் எடு, பின்னால் எடு என்று உத்தரவு வந்துகொண்டிருக்கிறது. உன் அப்பா, "பத்து நிமிஷம் தரலைன்னா எஞ்சினும் இல்லை, கப்பலும் இல்லை" என்று மேலே சொல்லி அனுப்பிவிட்டு, கொதிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் படுத்துக் கையை விட்டு மணலை வாரினார். அவருடைய இடது முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பு அதுதான். நீ சின்னதில் அதை மீன் என்று சொல்லி விரலால் தடவுவாய். அன்றைக்குக் காத்திருந்தது ஆபீசர். காக்க வைத்தது பெட்டி ஆபீசர்.

நான் கதை கேட்டுச் சொல்லவில்லை, அவர் இடத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வருஷத்தில் ஒரு நாள் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கடலில் கூட்டிப் போவார்கள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு செங்குத்தான இரும்பு ஏணியில் எஞ்சின் அறைக்கு இறங்கினேன். உள்ளே அடுப்புக்குள் நிற்பது போல இருந்தது. சத்தத்தில் நீ வாயைத் திறந்து அழுவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. மீசை சரியாக முளைக்காத ஓர் இளம் அதிகாரி வந்தார். தோளில் தங்கப் பட்டை. அவர் உன் அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டார். உன் அப்பா ஒரு குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த அதிகாரி நின்றார். உன் அப்பா மறுபடியும் கை வைத்துப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அவர் மேல்தளத்தோடு பேசும் போனை எடுத்தார். இந்த மனுஷனுக்குத்தான் நீ அந்தப் பையனின் பட்டையை எடுத்து ஒட்டி, பெரிய மனுஷன் ஆக்கப் பார்க்கிறாய்.

இப்போது என் தப்பு. கப்பல் அந்தமான் பக்கம் போனதும் உன்னைக் கூட்டிக்கொண்டு நான் செங்கல்பட்டுக்கு வந்து ஏரிக்கு அருகே ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்ப்பது என்பது என் பிடிவாதம். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் பெட்டி ஆபீசர் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த எழுத்தர் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். "பெட்டியா? இன்னாம்மா இது, கடை கிடை வெச்சிருக்காரா?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற பட்டுச் சேலைகள் சிரித்தன. குப்பத்தில் சிரித்தபோது வராத வெட்கம் அங்கே வந்தது. "நேவி சார்" என்றேன். "அப்ப ஆபீசர்னு மட்டும் போடுங்க, அதுதான் நல்லா கீது" என்றார். நான் அந்தச் சொல்லின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டேன். உனக்கு ஆறு வயது. என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கால்விரலில் எக்கி, நான் என்ன அடிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமையிலிருந்து அந்த முகம்தான் என் கண்ணில் நிற்கிறது. இந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

நாலு மாதம் கழித்து விடுமுறையில் வந்தவர் உன் பள்ளிக்கூட டைரியின் முதல் பக்கத்தைப் பார்த்தார். "யாரு எழுதனது?" என்றார். "நான்தான்." "எதுக்கு?" "எல்லாரும் சிரிக்கிறாங்க." அவர் கத்தவில்லை. "சிரிச்சவன் என்னை அடிக்கல. நீதான் அடிச்ச" என்றார். அவ்வளவுதான் பேசினார். மறுநாள் வெள்ளைச் சீருடையைத் தேய்த்து, கையில் குறுக்கே இரண்டு நங்கூரம் இருக்கும் பட்டையோடு போட்டுக்கொண்டு, நம் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார். சீருடையைப் பார்த்ததும் அதே எழுத்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "வாங்க சார்" என்று சல்யூட் மாதிரி எதையோ செய்தார். "உக்காருங்க சார். நான் ஆபீசர் இல்ல. அத சொல்லத்தான் வந்தேன்" என்றார் உன் அப்பா. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, பதிவேட்டிலும் டைரியிலும் மாற்றி எழுத வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். திரும்பும் வழியில் நான் அழுதேன். அவர் எனக்கு ஒன்று சொன்னார். கப்பலில் தனக்குக் கிடைக்காத பட்டையை ஒருவன் சட்டையில் குத்திக்கொண்டால் அது பெருமை இல்லை, திருட்டு. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, அவர்கள் முன்னால் அதைப் பிய்த்து எடுப்பார்கள் என்றார். நீ அப்படி ஒரு பட்டையை எடுத்துச் செத்துப் போன மனுஷனுக்குக் குத்திவிட்டிருக்கிறாய். அவரால் எழுந்து வந்து பிய்த்துப் போட முடியாது என்ற தைரியம்.

ஓய்வு பெற்று மாமல்லபுரத்துக்கே திரும்பி வந்த பிறகு நடந்தது உனக்கும் தெரியும், அப்போது நீ பெரிய பையன். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வாசல் காவலுக்கு ஆள் கேட்டார்கள். போனார். அவர்கள் கொடுத்த சட்டையில் தோளுக்கு இரண்டு நட்சத்திரம், மார்பில் மஞ்சள் கயிறு. "இது தரைப்படையில லெப்டினன்டுக்கு. எனக்கு எதுக்கு?" என்று கேட்டார். மேனேஜர், "சும்மா ஷோவுக்கு சார். வெள்ளைக்காரன் பாத்தா குஷியாவான்" என்றார். இவர் சட்டையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, ஜெனரேட்டர் அறையில் வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பனியனோடும் எண்ணெய்க் கையோடும் வீட்டுக்கு வருவார். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்பா, அந்த நட்சத்திரச் சட்டையையே போட்டுக்கினா இன்னா கொறஞ்சு போயிடும்? என் பிரண்ட்ஸுங்க அந்த வழியாதான் வரானுங்க" என்றாய். அவர் சிரித்தார். நான் அன்றைக்கே உன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வயசுப் பையன், போகப் போகப் புரிந்துகொள்வான் என்று விட்டேன். அது என் இரண்டாவது தப்பு.

இனி, உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனேன். பெண் வீட்டுக்குத்தான். உன்னிடம் கேட்கவில்லை, நீயும் என்னைக் கேட்டு அச்சடிக்கவில்லை. சம்பந்தி வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க, சொல்லி வுட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே" என்றார். உட்காரும் முன்னால் சொன்னேன்: "என் வீட்டுக்காரரு ஆபீசர் இல்லைங்க. பெட்டி ஆபீசர். கார்டுல தப்பா வந்துடுச்சு. தப்பா வரல, என் புள்ள தப்பா போட்டுட்டான்." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். "முப்பது வருஷம் டிக்கெட்டு பாத்தவன்மா நானு. உங்க வூட்டுக்காரரு இன்னாவா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. எங்கப்பா கூட ரயில்வேல கேட் கீப்பருதான். ஆனா ஒரு ஸ்டேஷனுக்கு டிக்கெட்டு இல்லாம ஏறினவன், அதுக்கு முந்தின ஸ்டேஷனுக்கும் அப்படித்தான் வந்திருப்பான்னு நாங்க நெனப்போம். பையனோட வேல, சம்பளம், அதெல்லாம் அவரே சொன்னதுதான். அதுல எது நெசம்?" என்றார்.

இருபது வருஷமாகக் கட்டியதை ஒரு சொல்லில் எங்கே கொண்டு வந்து நிறுத்தினாய், பார்த்தாயா? உன் படிப்பு நிஜம், உன் வேலை நிஜம், உன் ராத்திரி பகல் உழைப்பு நிஜம். அத்தனையும் அந்த மனுஷன் கண்ணில் போலி டிக்கெட் ஆகிவிட்டது. எனக்கு உன் மேல் இருந்த கோபத்தில் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "அவன் வேலை நெசம். சம்பளம் நெசம். நான் சத்தியம் பண்றேன்" என்றேன். உனக்காகச் சத்தியம் செய்தேன். அவர், "நீங்க பண்ண வேணாம்மா. நீங்க தான் தப்புன்னு சொல்ல வந்தவங்க. உங்கள நான் சந்தேகப்படல" என்றார்.

காபி கொண்டுவந்த அந்தப் பெண் உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அத்தை, பெட்டி ஆபீசர்னா ஆபீசருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "கீழம்மா. நேரா கீழ. ஆனா ஆபீசர் காலு ஊணி நிக்கிறது அவன் மேலதான்" என்றேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "எங்கிட்ட கூட ஆபீசர்னுதான் சொன்னாரு. பத்து மாசமா பேசிகினு இருக்கோம். மத்தவங்க சிரிப்பாங்கன்னு கார்டுல போடல, சரி. நானும் சிரிப்பேன்னா நெனச்சாரு?" என்று கேட்டாள். மகனே, எஞ்சின் புத்தகத்தில் அத்தனை கேள்விக்குப் பதில் சரிபார்த்தவள் நான். இந்தக் கேள்விக்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். சம்பந்தி கல்யாணம் நிற்கும் என்றும் சொல்லவில்லை, நடக்கும் என்றும் சொல்லவில்லை. "தம்பி வந்து பேசட்டும்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பஸ் ஏற்றிவிட அந்தப் பெண்தான் வந்தாள். பஸ் கிளம்பும்போது, "ஜன்னல் ஓரம் வெயிலு அத்தை, இந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள். இவ்வளவு நடந்த பிறகும் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நீ யாரிடம் பொய் சொன்னாய் என்று யோசித்துப் பார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போ. காரில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகாதே, தனியாகப் போ. சம்பளச் சீட்டு, சான்றிதழ் எதையும் கொண்டு போகாதே. அவர் டிக்கெட் கேட்கவில்லை. அகராதியை எடுத்து அற்பம் என்ற அர்த்தத்தைக் காட்டாதே. ஆபீஸில் சிரிப்பார்கள் என்று சொல்லாதே, அவள் உன் ஆபீஸ் இல்லை. அம்மாதான் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தாள் என்று என் பேரை இழுத்தாலும் இழுத்துக்கொள், அது உண்மைதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒளியாதே. வெட்கப்பட்டேன் என்று சொல். அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டேன், உனக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தேன் என்று சொல். அது உன் வாயிலிருந்து அவள் காதுக்கு நேராகப் போக வேண்டும். போனில் வேண்டாம், எழுத்தில் வேண்டாம். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் நின்று கேள்.

மிச்சம் இருக்கும் இங்கிலீஷ் கார்டுகளை அடுப்பில் போட்டுவிட்டேன். தேடாதே. வேறு அடிப்பதா, அடிக்கவே வேண்டாமா என்பது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தெரியும். போய் வந்ததும் எனக்குப் போன் செய்து, எல்லாம் சரியாகிவிட்டது அம்மா என்று சொல்லாதே. நீ சொல்வதை நம்பும் நிலையில் நான் இல்லை. கல்யாணத்தன்று மண்டப வாசலில் நான் நிற்க வேண்டுமென்றால் அதை அவள் கூப்பிட்டுச் சொல்லட்டும். அவள் கூப்பிட்டால் உன் அப்பா எடுத்துக் கொடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வருவேன். கூப்பிடாவிட்டால் அவள் பக்கம்தான் நியாயம் என்று வீட்டில் இருப்பேன். போன் இங்கே என் பக்கத்தில்தான் இருக்கிறது. உன் நம்பர் வந்தால் எடுக்க மாட்டேன்.

அம்மா